ஆனைக்கும் அடி சறுக்கும்: அறிவியல், சமயம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பத்தோரு ஆண்டுகள் இயற்பியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சேலம் அஸ்தம்பட்டியில் வீடு. காலை நடையிலும் டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் எனக்கு வரும் கேள்விகள் ஏறக்குறைய இவைதான். வாயால் பதில் சொன்னால் பாதியில் யாராவது குறுக்கே புகுந்துவிடுகிறார்கள். அதனால் எழுதிவைத்துவிட்டேன். 1944இல் நீதிக்கட்சி, திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது இந்தச் சேலத்து மாநாட்டில்தான். ஆடி பிறந்தால் கோட்டை மாரியம்மன் கோயிலில் கால் வைக்க இடமில்லாமல் போவதும் இதே சேலத்தில்தான். இரண்டு பக்கத்தாரும் என்னிடம் பேசுகிறார்கள். படித்த பிறகு இரண்டு பக்கத்தாரும் கோபித்துக்கொள்ளக்கூடும்.

இன்று நல்லது என்கிறார்கள், நாளை கெட்டது என்கிறார்கள். இப்படி மாற்றி மாற்றிப் பேசும் அறிவியலை எப்படி நம்புவது?

இதை ஓயாமல் கேட்பவர் ஏற்காட்டில் நான்கு ஏக்கர் காபித் தோட்டம் வைத்திருக்கும் என் நண்பர். அவருடைய கோபத்தில் நியாயம் உண்டு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த பயிர் காபி. அதைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் 1991இல் சேர்த்தது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. 2016இல் அதே முகமை பட்டியலிலிருந்து காபியை எடுத்துவிட்டது. சும்மா கிடந்த பயிருக்கு இருபத்தைந்து ஆண்டுகள் கெட்ட பெயர்.

நடந்தது இதுதான். காபி அதிகம் குடிப்பவர்களில் சிகரெட் பிடிப்பவர்களும் அதிகமாக இருந்தார்கள். பழைய ஆய்வுகளில் சிகரெட்டின் பழி காபியின் தலையில் விழுந்தது. பிறகு வந்த ஆய்வுகள் இரண்டையும் பிரித்துப் பார்த்தபோது காபியின் மேல் இருந்த சந்தேகம் கரைந்தது. அதே 2016இல் இன்னொன்றும் சொன்னார்கள்: 65 டிகிரிக்கு மேல் சுடச்சுடக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்க்கு அநேகமாக ஆகாது. நண்பர் டபராவில் ஆற்றாமல் குடிக்கிற ஆள். இதைச் சொன்னதும், "பார்த்தீர்களா, மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள்" என்றார்.

1991இல் அவர்கள் சொன்னது "உண்டாக்கக்கூடும்" என்றுதான். அந்தக் "கூடும்" நம் காதுக்கு வந்து சேரும் வழியில் எங்கோ உதிர்ந்துபோனது. அறிவியலின் மேல் நமக்குள்ள கோபத்தில் பாதி, இப்படி உதிர்ந்த சொல்லால் வந்த கோபம்.

எல்லாம் மாறும் என்றால் எதுவுமே உறுதி இல்லை என்றுதானே அர்த்தம்? கிலோவைக்கூட மாற்றிவிட்டார்களாமே?

கிலோவைப் பற்றிக் கேட்டவன் என் பழைய மாணவன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறான். வெள்ளியை மில்லிகிராம் கணக்கில் பார்க்கிற தொழில். அவன் கவலைப்படாமல் வேறு யார் கவலைப்படுவது?

பாரிஸ் அருகே செவ்ரே என்ற இடத்தில் 1889 முதல் பிளாட்டினம், இரிடியம் கலந்த ஓர் உருளையைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அதன் எடை எதுவோ அதுவே உலகத்துக்குக் கிலோ. அதைப்போலவே செய்த படிகளை எடுத்து நூறு ஆண்டு கழித்து ஒப்பிட்டால், மூலத்துக்கும் படிகளுக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் விழுந்திருந்தது. மூலம் இளைத்ததா, படிகள் பருத்தனவா என்று சொல்ல வழியே இல்லை. ஏனென்றால் கிலோ என்பதே அந்த மூலம்தான். அது தவறவே முடியாது என்று நாமே விதி எழுதிவைத்திருந்தோம். 2019 மே 20 முதல் அந்த உருளையை விட்டுவிட்டு, பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் மாறாத ஓர் அளவைக் கொண்டு கிலோவை வரையறுக்கிறார்கள். மாணவனின் தராசில் ஒரு குந்துமணிகூட மாறவில்லை.

தவறு என்பதிலும் பெரிது சிறிது உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன். பூமியின் வயது 2 கோடி முதல் 4 கோடி ஆண்டு வரை என்று 1897இல் கெல்வின் பிரபு சொன்னார். அவர் காலத்தில் அவரைவிடப் பெரிய இயற்பியலாளரைக் காட்டுவது கடினம். இன்றைய கணக்கு ஏறத்தாழ 454 கோடி. ஏற்காட்டுக்கு ஏறும்போது கொண்டைஊசி வளைவுகளில் கருநீலமாய் வழுவழுவென்று தெரியும் பாறை சார்னோகைட். அதற்கே சுமார் 250 கோடி வயது. கெல்வின் போட்ட பெருக்கலில் பிழை இல்லை. பூமி உள்ளே அசையாத திடப்பொருள், சூடு கடத்தப்பட்டே வெளியேறுகிறது என்று அவர் வைத்துக்கொண்ட அடிப்படைதான் பிழை. 1895இலேயே அதைச் சுட்டிக்காட்டியவர் ஜான் பெர்ரி, கெல்வினிடமே முன்பு உதவியாளராக இருந்தவர். பெர்ரிக்கு உடனே பெரிய பாராட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் எழுதியது அச்சானது. எவரும் எடுத்துப் படிக்கக் கிடைத்தது.

ஏற்காட்டின் அந்தச் சார்னோகைட், உருகிய பாறைக் குழம்பு இறுகி உண்டானதா, வேறு பாறை வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி உண்டானதா என்ற வாதமும் 1900இல் ஹாலந்து என்ற புவியியலாளர் எழுதிய காலம் முதல் நடந்தது. கல் என்னவோ அங்கேயேதான் இருக்கிறது.

விஞ்ஞானிகள் மட்டும் யோக்கியர்களா?

இல்லை. இதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. மனிதக் குரங்குக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட மண்டையோடு என்று 1912இல் இங்கிலாந்தில் காட்டிய பில்ட்டௌன் எலும்பு, மனித மண்டையோட்டையும் குரங்கின் தாடையையும் சேர்த்துச் சாயம் பூசிய மோசடி. அது வெளியாக 1953 வரை, 41 ஆண்டுகள் ஆயின. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டு 1998இல் வந்த கட்டுரையைத் திரும்பப் பெற 2010 ஆயிற்று. அந்த 12 ஆண்டுகளில் எத்தனை பெற்றோர் பயந்துபோயிருப்பார்கள். 2015இல் உளவியலில் 100 பரிசோதனைகளை மறுபடி செய்து பார்த்தார்கள். சுமார் 36 சதவீதத்தில்தான் பழைய முடிவு மறுபடி நின்றது. கோயில் கணக்குப் பிள்ளையைத் திட்டுகிறவர்கள் இதையும் வாசித்துவிட்டுத் திட்டலாம்.

நம் பக்கத்துக் கதையையே சொல்கிறேன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், 19 வயதில் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் ஒரு கணக்குப் போட்டார். குறிப்பிட்ட எடைக்கு மேல் போன நட்சத்திரம் வெண்குள்ளனாக, அதாவது எரிந்து ஓய்ந்து சுருங்கிய நட்சத்திரமாக, அடங்கி நிற்க முடியாது என்று விடை வந்தது. 1935 ஜனவரியில் லண்டனில் அதை அவர் வாசித்தபோது, அதுவரை பக்கத்தில் இருந்து தட்டிக்கொடுத்த எடிங்டன் எழுந்து, சபை சிரிக்கும்படி அதைக் கேலி செய்து உட்கார்ந்தார். எடிங்டன் சாமானியர் இல்லை. ஐன்ஸ்டைனின் கொள்கைக்குக் கிரகணத்தில் சான்று தேடியவர். கேலி நிலைத்தது சில காலம். கணக்கு அதைத் தாண்டி நின்றது. 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு. எடிங்டனின் பெரிய மனிதத்தனத்துக்கு நட்சத்திரங்கள் கட்டுப்படவில்லை. ஆனால் ஓர் இளைஞனின் மனம் பட்ட பாட்டை எந்தப் பரிசும் திருப்பிக் கொடுத்ததாக நான் நினைக்கவில்லை.

சமயம் தன் தவறை ஒப்புக்கொண்டது உண்டா?

உண்டு, மெதுவாக. கலிலியோவுக்கு 1633இல் தண்டனை கொடுத்த திருச்சபை, அதில் தவறு நேர்ந்ததை ஒப்புக்கொண்டது 1992இல், போப் இரண்டாம் ஜான் பால் வாயால். 359 ஆண்டுகள்.

அடுத்தவர் வீட்டுக் கதை எதற்கு, நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கத்தையே எடுங்கள். வாக்கியப் பஞ்சாங்கம் என்றும் திருக்கணிதப் பஞ்சாங்கம் என்றும் இரண்டு உண்டு. வாக்கியம், முன்னோர் வகுத்த வாய்பாட்டு வாக்கியங்களை அப்படியே பின்பற்றுவது. திருக்கணிதம், இன்றைய வானத்தில் கோள் நிற்கும் இடத்துக்கு ஏற்பத் திருத்திக் கணிப்பது. சனி கும்பத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி, திருநள்ளாற்றில் விழா எடுத்தது 2023 டிசம்பர் 20. ஒரே சனி, இடையில் பதினொரு மாதம். பரிகாரம் செய்வதா வேண்டாமா என்று என் மைத்துனர் இரண்டு தேதியிலும் எள் விளக்கு ஏற்றினார். சனி பலன் இருக்கிறதா என்பது வேறு பேச்சு. வானத்தில் ஒரு கோள் எங்கே நிற்கிறது என்பது தொலைநோக்கி வைத்துப் பார்த்துவிடக்கூடிய விஷயம். திருக்கணிதக்காரர்கள் பார்த்துத் திருத்தினார்கள். அவர்களும் சாமி கும்பிடுகிறவர்கள்தான். ஆகவே சமயத்துக்குள் திருத்தமே நடக்காது என்று சொல்பவர் பஞ்சாங்கம் வாங்காதவர். ஆனால் திருத்தியும் பழையது கழியவில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஆணியில் தொங்குகின்றன.

வலிக்கிற உதாரணம் ஒன்றும் உண்டு. சிலர் உள்ளே வந்தால் சந்நிதி தீட்டுப்படும் என்று நூற்றாண்டுக் கணக்கில் சாத்திரத்தின் பெயரால் சொன்னார்கள். 1939 ஜூலையில் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார். 1947இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் சட்டம் வந்தது. கோயில் இடியவில்லை, விளக்கு அணையவில்லை. தவறு தவறுதான் என்று தெரிந்துவிட்டது. ஆனால் திருத்தியது யார்? பக்தர்கள் சிலரும், வெளியிலிருந்து வந்த சட்டமும். இன்றும் சில ஊர்களில் போலீஸ் காவலோடுதான் அந்தத் திருத்தம் நடக்கிறது.

நான் இரு தரப்பிடமும் கேட்பது ஒன்றுதான். "இது தவறு" என்று சொல்ல உங்கள் இடத்தில் யாருக்கு உரிமை உண்டு? சொன்னவனை என்ன செய்வீர்கள்?

கிரகணத்தன்று உலக்கை தானாக நிற்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

2019 டிசம்பர் 26. கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல் பக்கம் சூரியன் வளையமாகவே தெரிந்த நாள். சேலத்திலும் பெரும்பகுதி மறைந்தது. எங்கள் தெருவில் பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தியிருந்தார்கள். கிரகணம் விட்டதும் அது தானாக விழும் என்பது நம்பிக்கை.

இது வருமென்று தெரிந்து நான் முதல் நாளே நிரூபிக்கக் கிளம்பினேன். அடிப்பூண் தட்டையாக இருக்கிறது, நடுப்புள்ளி அதற்கு மேல் நேராக நின்றால் எந்த நாளும் நிற்கும் என்று பேரப்பிள்ளைகளுக்குப் பாடம். கையை எடுத்தால் சாய்கிறது. மறுபடி. மறுபடி. கால் மணி, அரை மணி. சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அப்போது எண்பத்தாறு வயது. "நகர்ந்து உட்காரப்பா" என்று வந்தார். இரண்டு விரலால் பிடித்து, உள்ளங்கையால் மேல்பூணை ஒரு தடவை அழுத்தி, மூச்சைப் பிடித்துக் கையை எடுத்தார். நின்றது. கிரகணம் பிறக்க இன்னும் பதினைந்து மணி நேரம் இருந்தது.

நான் சொன்னதுதான் சரி என்று ஆயிற்று, நிரூபித்தவர் அம்மா. மறுநாள் காலை அவரே தெருத் தாம்பாளத்துக்கு முன் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நேற்றுத்தான் நீங்களே நிறுத்தினீர்களே" என்றேன். "அது உனக்காக நிறுத்தியது" என்றார். இதற்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

1995இல் பிள்ளையார் பால் குடித்தது?

செப்டம்பர் 21. பால் விலை ஏறியது. கரண்டியைச் சாய்த்துத் துதிக்கையில் ஒட்டினால் பரப்பு இழுவிசை பாலை இழுத்துக் கல்லின் மேல் மெல்லிய படலமாக வழியவிடும். ஈரக் கல்லில் கண்ணுக்குத் தெரியாது. சாயம் கலந்த பாலை ஊற்றிக் காட்டியபோது வழிந்த தடம் தெரிந்தது. அவ்வளவுதான். பள்ளியில் கரும்பலகைத் துடைப்பான் வைக்கும் விளிம்பில் நானும் செய்து காட்டினேன், அதுவும் குடித்தது.

ஊரே அனுபவத்தில் கண்டது பொய்யாகுமா?

ஆகும். காசநோய்க்கு மலைக்காற்று, ஓய்வு, சத்துணவு என்று உலகமே நம்பியது. நம்பியவர்கள் பூசாரிகள் இல்லை, டாக்டர்கள். மலையோரங்களில் சானடோரியம் கட்டினார்கள். சென்னையில் இருந்த காசநோய் மருந்தாய்வு மையம் நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்குச் சானடோரியம், படுக்கை, நல்ல சாப்பாடு. மறு பிரிவுக்குத் தங்கள் நெரிசலான வீடு, அரைகுறைச் சாப்பாடு. மருந்து மட்டும் இருவருக்கும் ஒன்று. 1959இல் வந்த முடிவு: ஓராண்டு முடிவில் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. குணப்படுத்தியது மருந்து. ஏற்காட்டுக் காற்று நல்லதுதான். அதைத் தேடிப் பஸ் ஏறலாம், மாத்திரையை மறக்கக்கூடாது.

அதே காசநோயில் அடுத்த பாடம் செங்கல்பட்டில். 1968இல் தொடங்கி சுமார் 2,60,000 பேரை வைத்து பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. அரசாங்கமே பல ஆண்டுகளாகப் போட்டுவந்த ஊசி! முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள். கைக்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வகைகளிலிருந்து அது காப்பதால் இன்றும் போடுகிறோம். இந்த இரண்டு ஆய்வும் நம் மண்ணில் நடந்தவை. பாடப்புத்தகத்தில் நியூட்டனின் ஆப்பிளுக்குக் கொடுத்த இடத்தில் கொஞ்சம் இவற்றுக்கும் கொடுத்திருக்கலாம்.

மாரியம்மன் அம்மையைக் குணப்படுத்தினாளா, தடுப்பூசி குணப்படுத்தியதா?

இந்தக் கேள்வியைச் சேலத்தில் சிரித்துக்கொண்டே கேட்க முடியாது. என் அம்மாவின் தம்பி பெரியம்மையில் போனவர், நான் பிறப்பதற்கு முன்பு. வீட்டில் நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "அம்மா வந்திருந்தாள்" என்பார்கள். வாசலில் வேப்பிலை, உள்ளே வேப்பிலைப் படுக்கை, வெளியார் வரக்கூடாது, வீட்டார் போகக்கூடாது, தாளிப்பு வாசனை எழக்கூடாது. ஒதுங்கியிருக்க வைத்த அந்த ஒழுங்கு எத்தனையோ பேரைத் தொற்றிலிருந்து காத்திருக்கும். மருந்து கொடுத்தால் அம்மன் கோபிப்பாள் என்ற பகுதி சில உயிர்களை வாங்கியும் இருக்கும். இரண்டும் ஒரே வேப்பிலைக்குப் பின்னால் இருந்தன. பிரித்துப் பார்க்க அன்று யாரும் முயலவில்லை.

அம்மை குத்துவதிலும் தவறுகள் உண்டு. 1796இல் தொடங்கிவைத்த ஜென்னர், ஒரு முறை குத்தினால் ஆயுளுக்கும் போதும் என்று நம்பினார். போதவில்லை, மறுபடி குத்தவேண்டியிருந்தது. பசு அம்மைக் கிருமியைத்தான் குத்துகிறோம் என்று உலகமே நினைத்தது. 1939இல் பார்த்தால் ஊசியில் இருந்தது வேறொரு கிருமி. எதைக் குத்துகிறோம் என்றே சரியாகத் தெரியாமல் நூறு ஆண்டுக்கு மேல் குத்தியிருக்கிறார்கள்! ஆனாலும் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று எண்ணிக்கொண்டே குத்தினார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது; 1980இல் உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.

அம்மாவின் இடது கையில் அம்மை குத்திய தழும்பு இரண்டு, பழைய நாலணா அளவில். ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றப் போகும்போது, வரிசையில் நெரிசலுக்கு ஒதுங்கிக் கையைத் தூக்கினால் அந்தத் தழும்பு தெரியும். தம்பிக்காக ஒரு சொம்பு தனியாக ஊற்றுவார். எது குணப்படுத்தியது என்று அவர் என்னைக் கேட்டதில்லை. நோய் ஒழிந்ததற்கு நான் ஊசிக்குத்தான் கணக்கு எழுதுவேன். அந்தத் தனிச் சொம்பை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அது தவறு என்று நிரூபிக்கக்கூடிய பேச்சே இல்லை, அதனாலேயே சரி என்றும் ஆகிவிடாது.

சேர்வராயன் கோயில் குகை காவிரி வரை போகிறதாமே?

டார்ச்சும் கயிறும் எடுத்துப் போனால் தெரிந்துவிடும். 5,326 அடி உயரத்தில் தாழ்ந்த கூரையுள்ள குகைக்குள், குனிந்தால்தான் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் பார்க்க முடியும். மே மாதத் திருவிழாவில் மலைவாழ் மக்கள் குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். சுரங்கத்தின் நீளத்தை அளந்துவிட்டு வரலாமா வேண்டாமா என்று யோசித்து நின்றவர் ஒருவரும் இல்லை.

நீங்கள் தவறாகச் சொல்லிக்கொடுத்தது ஏதாவது உண்டா?

கண்ணாடி என்பது மிக மெதுவாக வழியும் திரவம். ஏற்காட்டுப் பழைய பங்களாக்களின் ஜன்னல் கண்ணாடி கீழே தடித்திருப்பது அதனால்தான் என்று பதினாறு ஆண்டுகள் பாடம் நடத்தினேன். ஏதோ ஒரு புத்தகத்தில் படித்தது. நானும் ஒரு முறைகூட அளந்ததில்லை.

பதினேழாவது ஆண்டு, பதினொன்றாம் வகுப்பில் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண். அப்பா தச்சர். விடுமுறையில் அவர் ஒரு பழைய பங்களாவின் ஜன்னல்களை மாற்றும் வேலையில் இருந்திருக்கிறார். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு கண்ணாடியிலும் சாக்பீஸால் "மேல்" என்று எழுதச் சொல்லி, பள்ளியிலிருந்து என்னிடமே கேட்டு வாங்கிப்போன திருகு அளவியால் அளந்திருக்கிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. விடுமுறை முடிந்து வந்த முதல் நாள், வகுப்பு நடுவில் எழுந்து, "சார், ஆறு கண்ணாடி அளந்தேன்" என்றாள். மூன்று கீழே தடிப்பு, இரண்டு மேலே தடிப்பு, ஒன்று பக்கவாட்டில். பழைய முறையில் ஊதிச் செய்த கண்ணாடி ஒரே சீராக வராது, வந்தபடி பொருத்தியிருக்கிறார்கள்.

பின் வரிசையில் சிரித்தார்கள், என்னைப் பார்த்துத்தான். தாளை வாங்கி, அளவுகளைச் சராசரி எடுக்காமல் விட்டிருந்த ஓர் இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டுக் கொடுத்தேன். அவள் அதையும் திருத்திக்கொண்டு மறுநாள் வந்தாள்.